நாள்வழி ஒன்று, பேரேடு பல
இணையதளத்தில் அறிவிப்புகளை வகை பிரித்துக் காட்டும் ‘சுருக்கக் குறி’

நாள்வழிக்கும் பேரேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவை எண்ணிப் பூட்டுவது வரை நடந்த வரவு செலவெல்லாம் நடந்த வரிசையிலேயே நாள்வழியில் ஏறுகின்றன. அரிசி மண்டிக்குக் கொடுத்த ரொக்கம், அதன்கீழ் லாரி வாடகை, அதன்கீழ் சுமைகூலி, அதன்கீழ் யாரோ ஒருவர் தீர்த்த பழைய பாக்கி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அவை கிடக்கும். பின்னர் அவற்றை ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்துப் பேரேட்டில் பற்று எழுதுகிறோம். மண்டிக்காரர் நேரில் வந்து தம் நிலுவையைக் கேட்டால் நாள்வழியை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருப்பதில்லை. பேரேட்டில் அவருடைய பக்கத்தைத் திறக்கிறோம். ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது.

கணக்கில் இத்தனை ஒழுங்கோடிருக்கும் நாம், இணையதளம் என்று வந்துவிட்டால் மட்டும் பேரேட்டை மறந்துவிடுகிறோம். வணிகர் சங்கங்களும் மொத்தக் கடைகளும் சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்வது இன்று அதிசயமில்லை. ஆனால் அவற்றுள் பலவற்றின் முகப்பைத் திறந்து பார்த்தால் கண்ணில் படுவது நாள்வழிதான். மேலே பொங்கல் வாழ்த்து, அடுத்து செயற்குழுக் கூட்ட அழைப்பு, அதன்கீழ் வரி அறிவிப்பு, அதன்கீழ் ஒரு மறைவுச் செய்தி, அதற்கும் கீழே எந்த மாதத்தது என்றே தெரியாத தேங்காய் விலை. தேடி வந்தவர் செல்போனில் இரண்டு முறை விரலால் தள்ளிப் பார்ப்பார். அப்புறம் மூடிவிடுவார். எழுதிப் போட்டவரின் உழைப்பும், ஆண்டுதோறும் தளத்துக்குக் கட்டும் வாடகையும் வீண்.

இதற்கு ஒரு எளிய மாற்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஷார்ட்கோடு’ என்று பெயர். இக்கட்டுரையில் அதைச் சுருக்கக் குறி என்றே சொல்லிச் செல்வோம். கம்ப்யூட்டர்காரர்களின் சங்கதிதானே, நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். குறியை எழுதித் தருவது அவர்கள் வேலை. எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வது கடைக்காரர் வேலை.

பழைய அறிவிப்பு செய்யும் கேடு

வாழ்த்துச் செய்தி இடம் மாறிக் கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வரி அறிவிப்பு அப்படியன்று.

அரிசியையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது பிராண்டு பெயர் பதிவில்லாத அரிசிக்கு வரியில்லை, பதிவு பெற்ற பிராண்டுக்கு 5 சதவீதம் என்றிருந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்த அளவுகோல் மாறிற்று. பிராண்டு இருக்கிறதா இல்லையா என்பது போய், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான சிப்பம் என்றால் வரி என்றாயிற்று. அதையொட்டியே 26 கிலோ சிப்பம் என்றொரு புதுச் சரக்கு சந்தைக்கு வந்ததும் நமக்குத் தெரியும். அடுத்த பெரிய மாற்றம் 2025 செப்டம்பர் 22-இல் வந்தது. தலைக்கு வைக்கும் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-இலிருந்து 5-க்கு வந்தன. பிஸ்கட்டும் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது.

ஒரு சங்கத்தின் தளத்தில் இந்த மூன்று கால அறிவிப்புகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் தலைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: ‘ஜி.எஸ்.டி. வரி விகிதங்கள், உறுப்பினர் கவனத்திற்கு’. குலசேகரத்திலோ கருங்கலிலோ சிறுகடை வைத்திருப்பவர் இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும்போது ஐயம் வந்து தேடுகிறார். 2022-ஆம் ஆண்டு அறிவிப்பு முதலில் கையில் அகப்பட்டால் அதையே நம்பி மறுநாள் பில் போடுவார். கூடுதலாக வாங்கினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். குறைவாக வாங்கினால் வித்தியாசம் கைப்பணத்திலிருந்து போகும். சங்கம் பொய் சொல்லவில்லை. அந்தத் தேதியில் அது உண்மைதான். தட்டு மாறி இருந்ததுதான் கேடு.

அப்படியானால் புதியதை மேலே வைத்தால் போதுமே என்று தோன்றும். அதுவும் போதாது. 2025-ஆம் ஆண்டு மாற்றத்தை ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது செப்டம்பர் 3 அன்று. நடைமுறைக்கு வந்ததோ 22-ஆம் தேதி. இடைப்பட்ட 19 நாட்களும் ‘புதிய அறிவிப்பு’ என்பது இன்னும் அமலுக்கு வராத அறிவிப்பு. அதை மேலே பார்த்துவிட்டு 10-ஆம் தேதியே சோப்புக்கு 5 சதவீதம் போட்டவர் தவறான பில் போட்டவராவார். இணையதளம் தானாகப் போட்டுக்கொள்ளும் தேதி, எழுதிய தேதி. கடைக்காரருக்கு வேண்டியது அமலாகும் தேதி. இந்த இரண்டையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே இக்கட்டுரையில் பார்க்கிறோம்.

வேர்ட்பிரஸ் தளத்தின் உள்ளமைப்பு

சிறிய சங்கங்களும் கடைகளும் தளம் அமைக்கப் பெரிதும் பயன்படுத்தும் மென்பொருள் ‘வேர்ட்பிரஸ்’. 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் அதை வெளியிட்டார்கள். மென்பொருள் இலவசம். இடவாடகையும் பெயர்ப் பதிவுக் கட்டணமுமே செலவு. மாற்றி எழுதிக்கொள்ளவும் யாருக்கும் உரிமை உண்டு.

இதில் நாம் எழுதிப் போடும் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு ‘பதிவு’. பதிவுகள் எல்லாம் தேதி வரிசையில் ஒரே கிடங்கில் சேருகின்றன. அதுதான் நாள்வழி. ஒவ்வொரு பதிவுக்கும் ‘வகை’ என்று ஒன்றைக் குறிக்க வழி வைத்திருக்கிறார்கள். அது பேரேட்டுப் பக்க எண் போன்றது. வரி, விலை, விடுமுறை, உரிமம், கூட்டம் என்று நாமே பெயரிட்டுக்கொள்ளலாம். ஒரே பதிவை இரண்டு வகையிலும் சேர்க்கலாம். ஓணத்துக்கு முந்தின நாள் பூச்சந்தை நேரம் மாறுகிறதென்றால் அது ‘விடுமுறை’யிலும் வரும், ‘பூ’விலும் வரும். ஒரே தொகை இரு கணக்கில் ஏறுவது நமக்குப் புதிதா என்ன!

வகை எதையும் குறிக்காமல் விட்டால் வேர்ட்பிரஸ் சும்மா இருப்பதில்லை. ‘அன்கேட்டகரைஸ்டு’ என்ற ஒரு வகையில் தானாகத் தள்ளிவிடும். பல தளங்களில் பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் இந்தக் குப்பைக்கூடையில்தான் கிடக்கின்றன. வகைகள் பகுதிக்குள் போய் அதன் பெயரை ‘வகை பிரிக்காதவை’ என்று மாற்றி வைத்து, மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. ஐந்தொகை சேராதபோது சந்தேகக் கணக்கு என்று ஒன்று போட்டு வைப்போமே, அதைப் போல.

சதுர அடைப்புக்குள் ஒரு சொல்

கிடங்கில் சரக்கு வகைவாரியாகக் குறிக்கப்பட்டாயிற்று. அதைக் கடைமுகப்பில், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு கொண்டுவந்து வைப்பது யார்? இங்கேதான் சுருக்கக் குறி வருகிறது. 2008 மார்ச்சில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 2.5 பதிப்பில் இந்த வசதியைச் சேர்த்தார்கள். சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லை எழுதி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டால், பார்வையாளர் அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் இடத்தில் அதற்குரிய செய்தியை மென்பொருள் நிரப்பிக் கொடுக்கும். நாம் எழுதியது ஒரு சொல். வாசகர் காண்பது ஒரு முழுப் பட்டியல்.

எடுத்துக்காட்டாக, சங்கத் தளத்தில் ‘வரி’ என்று ஒரு தனிப் பக்கம் திறந்து, அதில் இப்படி ஒரே ஒரு வரி எழுதுகிறோம்:

[அறிவிப்பு வரி 3]

இதில் ‘அறிவிப்பு’ என்பது குறியின் பெயர். அதை நாமே வைத்துக்கொள்கிறோம். அடுத்துள்ள ‘வரி’ என்பது எந்த வகை என்பதையும், ‘3’ என்பது எத்தனை பதிவுகள் என்பதையும் சொல்கின்றன. விடுமுறைப் பக்கத்தில் [அறிவிப்பு விடுமுறை 5] என்று எழுதினால் அங்கே விடுமுறை அறிவிப்புகள் ஐந்து மட்டும் வரும். குறி ஒன்றுதான், தட்டுதான் மாறுகிறது. புதிய பதிவு ஒன்றை ‘வரி’ என்று குறித்து வெளியிட்ட மாத்திரத்தில் வரிப் பக்கத்தின் தலையில் அது தானாக ஏறிக்கொள்ளும். பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. தளம் அமைத்துக் கொடுத்தவருக்குப் போன் போட்டு, அவர் எடுக்காமல், இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய அவசியமுமில்லை.

பின்னால் நடப்பது பெரிய வித்தையல்ல. குறியைக் கண்டவுடன் அதற்கென்று எழுதி வைத்த சிறு நிரல் ஓடுகிறது. வகையின் பெயரையும் எண்ணிக்கையையும் வாங்கிக்கொண்டு கிடங்கில் போய், ‘வரி என்று குறித்த பதிவுகளில் கடைசி மூன்றைக் கொடு’ என்று கேட்கிறது. வந்தவற்றின் தலைப்பையும் தேதியையும் வரிசையாக அடுக்கிப் பக்கத்திடம் கொடுக்கிறது. இருபது முப்பது வரிகளில் முடிகிற நிரல். கைதேர்ந்தவருக்கு ஒரு முற்பகல் வேலை.

குறியின் பெயரைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். இது தடையில்லாமல் நடக்கும். ஆனால் ‘வகை = வரி, எண்ணிக்கை = 3’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி எழுத வேண்டுமானால் அந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தாக வேண்டும். தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் புரிந்துகொள்ளாது. ஆகவேதான் பெயரை விட்டுவிட்டு, முதலில் வகை, அடுத்து எண்ணிக்கை என்று வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம். வகைப் பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்தால் மேற்கோள் குறியும் வேண்டாம். இதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த குறியை அப்படியே எடுத்து ஒட்டும்போது நேர் மேற்கோள் குறி வளைந்த மேற்கோள் குறியாக மாறிவிடுவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மென்பொருளுக்கு வேறு. பட்டியல் வராமல் நிற்கும். காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும்.

தோவாளைப் பூவும் நேற்றைய விலையும்

நம் மாவட்டத்துக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தோவாளைப் பூச்சந்தையின் விலை வேறெந்தச் சரக்கின் விலையைப் போலவும் இருப்பதில்லை. அதிகாலையில் ஒன்று, முற்பகலில் இன்னொன்று. முகூர்த்த நாளில் ஏறும், ஓணத்துக்குக் கேரளத்திலிருந்து வாங்க வருபவர்கள் குவியும்போது மல்லிகையும் பிச்சியும் எங்கோ போய் நிற்கும், மறுநாளே இறங்கியும்விடும். இப்படிப்பட்ட சரக்குக்கு நேற்றைய விலையைத் தளத்தில் விட்டு வைப்பது, விலை போடாமலே இருப்பதைவிடக் கெடுதி. தொலைவிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வண்டி பிடித்து வந்தவர் சந்தையில் நின்று கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே பூ விலைக்குத் தனிக் குறி எழுதச் சொல்ல வேண்டும். அதன் நிரலில் தேதிக் கட்டுப்பாடு ஒன்றைச் சேர்க்கலாம்; வேர்ட்பிரஸில் அதற்கு ஏற்கெனவே வழியிருக்கிறது. இன்று பதிந்த விலை மட்டுமே காட்ட வேண்டும். இன்று யாரும் பதியவில்லையென்றால் நேற்றையதை எடுத்துக்கொண்டு வராமல், ‘இன்றைய விலை இன்னும் வரவில்லை’ என்ற ஒரு வாக்கியத்தைக் காட்ட வேண்டும். வெறுமையாக விட்டாலும் தப்பு. தளம் பழுதாகிவிட்டது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். நிரல் எழுதுபவர்கள் பட்டியல் வந்தால் எப்படியிருக்கும் என்பதையே யோசிப்பார்கள்; வராவிட்டால் என்ன என்பதைக் கடைக்காரர்தான் கேட்க வேண்டும்.

தேங்காய், கருப்பட்டி, நல்லமிளகு, கிராம்பு போன்றவற்றுக்கு ஒரு நாள் கெடு மிகவும் இறுக்கம். ஒரு வாரம் என்று வைத்தால் சரியாக இருக்கும். விடுமுறை அறிவிப்புக்குத் திரும்ப வேறு கணக்கு. டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம் என்று நம்மிடம் வரிசை நீளம். முடிந்துபோன திருவிழாவின் அறிவிப்பு மறுநாளே மறைய வேண்டும். இங்கே எழுதிய தேதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. விழாத் தேதியைத் தனிக் கட்டத்தில் குறித்து, நிரல் அதைப் பார்க்குமாறு செய்ய வேண்டும்.

வரிக்கும் இதே ஏற்பாடுதான் பொருந்தும். ‘வரி’ என்ற தாய் வகையின்கீழ் ‘நடப்பு’, ‘வரவிருப்பது’, ‘பழையது’ என்று மூன்று கிளைகள் வைத்துவிட்டால் மேலே சொன்ன 19 நாள் குழப்பம் வராது. கவுன்சில் முடிவு வந்த அன்று ‘வரவிருப்பது’ என்று போட்டு, அமலாகும் நாள் காலையில் ‘நடப்பு’க்கு மாற்ற வேண்டும். தலைப்பிலேயே ‘22-9-2025 முதல்’ என்று எழுதும் பழக்கமும் கூடவே வேண்டும். வேர்ட்பிரஸில் தாய் வகையைக் கேட்டால் அதன் கிளைகளும் சேர்ந்தே வரும் என்பது இயல்பான ஏற்பாடு. ஆகையால் முகப்பில் வைக்கும் குறியில் ‘வரி’ என்று போடாமல் ‘நடப்பு’ என்றே போட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றும் மறுபடி கலந்து நிற்கும்.

மரச்சீனியா, மரவள்ளியா?

வகைகளுக்குப் பெயர் வைப்பதை அற்ப விஷயமென்று நினைத்துத் தளம் அமைப்பவரிடமே விட்டுவிடுகிறோம். அவர் வெளியூர்க்காரராயிருந்தால் வம்பு. நாம் ‘பலசரக்கு’ என்போம். அவர் ‘மளிகை’ என்று எழுதி வைப்பார். நமக்கு மரச்சீனி, அவருக்கு மரவள்ளிக் கிழங்கு. நமக்கு உள்ளியும் பல்லாரியும், அவருக்குச் சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும். சிறுபயறு, ஏத்தங்காய், நல்லமிளகு எல்லாம் இதே கதைதான். 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள் நாம். நம் சரக்குப் பெயர்களில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. களியக்காவிளை வழியாக வரும் வாடிக்கையாளருக்கும் இந்தப் பெயர்களே பழக்கம்.

வாழைப்பழத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மட்டி, செவ்வாழை, ரசகதலி, பேயன், பாளையங்கோடன், ஏத்தன் என்று அடுக்கி வைத்து விற்கும் ஊரில் ‘பழங்கள்’ என்று ஒரே வகையைப் போட்டு முடித்துக்கொள்ள முடியுமா? கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-லேயே கிடைத்துவிட்டது. இந்தப் பெயரைத் தேடி வெளியூரிலிருந்து ஒருவர் வரும்போது அதற்கென்று ஒரு தட்டு நம் தளத்தில் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது. அதற்காக நாற்பது வகை வைக்கச் சொல்லவில்லை. தட்டுகள் அதிகமானால் சரக்கு வைப்பவரே மறந்துபோவார். சங்கத் தளத்துக்கு ஏழெட்டும், கடைக்குப் பத்துப் பன்னிரண்டும் தாராளம். வட்டாரப் பெயரை வகையாக வைத்துக்கொண்டு, பொதுப் பெயரைப் பதிவின் உள்ளே ஒரு முறை எழுதிவிட்டால் இரண்டு விதமாகத் தேடுபவருக்கும் கிடைக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு வகைக்கும் கண்ணுக்குத் தெரியும் பெயர் ஒன்று, இணைய முகவரியில் வரும் பெயர் ஒன்று என இரண்டுண்டு. தமிழில் பெயரிட்டால் முகவரிப் பெயரையும் வேர்ட்பிரஸ் தமிழிலிருந்தே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக் குறியையும் சதவீதக் குறிகள் கொண்ட ஒன்பது எழுத்துகளாக மாற்றிச் சேமிக்கும். அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்துகள்தான். ஆகவே 22 குறிகளுக்கு மேற்பட்ட நீளப் பெயர் நடுவில் வெட்டுப்படும். ‘ரி’ என்பது கண்ணுக்கு ஓரெழுத்தானாலும் கணக்கில் இரண்டு குறி என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். வாட்ஸ்அப்பில் அந்த முகவரியை அனுப்பினால் நான்கு வரிக்குப் புரியாத எழுத்தாக நீண்டு, யாரோ ஏமாற்றுக்காரர் அனுப்பியதென்று பெற்றவர் தொடவே பயப்படுவார். கண்ணுக்குத் தெரியும் பெயர் தமிழிலும், முகவரிப் பெயர் சிறிய ஆங்கிலச் சொல்லாகவும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பற்றை எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டலாம். முகவரியை யாரும் வாசிப்பதில்லை.

எழுதித் தருபவரிடம் பேச வேண்டியது

நிரல் எழுதித் தர ஆள் பிடித்தாயிற்று என்றால் பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

முதலில், நிரலை எங்கே வைக்கப் போகிறார் என்று கேட்க வேண்டும். தளத்தின் தோற்றத்துக்குரிய ‘தீம்’ கோப்பிலேயே எழுதி வைப்பது பலருக்குச் சுலபம். ஆனால் அந்தத் தீமுக்குப் புதுப் பதிப்பு வந்து ஏற்றிய அன்று நிரல் அழிந்துபோகும். தோற்றத்தை மாற்றினாலும் போகும். அப்போது வாசகர் கண்ணுக்குப் பட்டியலுக்குப் பதில் [அறிவிப்பு வரி 3] என்ற அடைப்புக்குறியே அப்படியே தெரியும். கடை விளம்பரப் பலகையில் பெயிண்டரின் பென்சில் கோடு தெரிகிற மாதிரி! தனி ‘பிளகின்’ ஆக, அதாவது கழற்றி மாட்டக்கூடிய தனிப் பெட்டியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். வாடகைக் கட்டடத்தின் சுவரில் அலமாரியைப் பதிக்காமல் தனியாக நிறுத்தி வைப்பது போன்றது அது. கடை மாறினாலும் கையோடு எடுத்துப் போகலாம்.

எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டும். ‘எல்லாவற்றையும் காட்டு’ என்று எழுதிவிட்டால் ஐந்து ஆண்டுச் சரக்கும் ஒரே பக்கத்தில் இறங்கும். மலையோர ஊர்களில் செல்போன் சிக்னல் எப்படி என்பது நமக்குத் தெரியும். பக்கம் திறக்கவே திறக்காது.

நிரல் பட்டியலைப் பக்கத்திடம் ஒப்படைக்க வேண்டுமேயொழிய, தானே நேரடியாக அச்சிடக் கூடாது. அச்சிட்டால் நாம் வைத்த இடத்தில் வராமல் பக்கத்தின் தலையில் போய் உட்காரும். கற்றுக்குட்டிகள் அடிக்கடி செய்யும் பிழை இது. பட்டியல் இடம் மாறி வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தளம் வேகமாகத் திறக்க வேண்டுமென்று ‘கேஷ்’ என்ற ஏற்பாடு வைப்பார்கள். ஒரு முறை தயாரித்த பக்கத்தின் நகலையே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு அது. நல்லதுதான். ஆனால் பூ விலைப் பக்கத்துக்கு அதை வைத்தால், ‘இன்று மட்டும்’ என்று நாம் பாடுபட்டு எழுதிய கட்டுப்பாடு அத்தனையும் வீணாகி, நேற்றைய நகலே வந்து நிற்கும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் விலக்குக் கேட்க வேண்டும்.

யார் யாருக்குச் சாவி கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். தளத்தில் பதிவு எழுத அனுமதி பெற்றவர் எவரும் அங்கேயுள்ள சுருக்கக் குறிகளைத் தம் பதிவுக்குள் வைக்க முடியும். கண்ட இடத்தில் கிடைத்த பிளகின்களைச் சேர்த்து, புதுப்பிக்காமல் விட்டு வைத்த தளங்களில் இந்த வழியாகவும் புகுந்து விளையாடுகிறார்கள். கடையை விட்டுப் போன பையனின் கணக்கை அன்றே நிறுத்துவது நம் கையில்.

எல்லோருக்கும் இது வேண்டுமா?

வேண்டாம் என்பதே உண்மை. ஒரு கடை, ஒரு விலாசம், ஒரு போன் எண், நான்கு படம் என்று இருப்பவருக்கு வகையும் வேண்டாம், குறியும் வேண்டாம். மாதத்துக்கு நாலைந்து பதிவாவது போடுபவர்கள், அதிலும் இரண்டு மூன்று விதமான வாசகர்களை வைத்திருப்பவர்கள் மட்டும் யோசித்தால் போதும்.

புதிதாக எழுதித்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. ‘டிஸ்ப்ளே போஸ்ட்ஸ்’, ‘லிஸ்ட் கேட்டகரி போஸ்ட்ஸ்’ என்ற இலவச பிளகின்கள் இதே வேலைக்கென்று ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் குறிகள் ஆங்கிலத்தில் இருக்கும், அவ்வளவுதான். 2021-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பிலிருந்து ‘குவெரி லூப்’ என்றொரு கட்டம் கூடவே வருகிறது. குறி ஏதுமில்லாமல் வகையைத் தேர்ந்தெடுத்தாலே பட்டியல் வந்துவிடும். சாமான் விற்கும் தளமாக ‘வூகாமர்ஸ்’ வைத்திருப்பவர்களுக்கு, வகைவாரியாகச் சரக்கைக் காட்டும் குறி அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. வரி, விடுமுறை, கூட்டம் ஆகியவற்றுக்கு இவையே தாராளம். கெடு வைத்த விலைப் பட்டியலுக்கும், இல்லாதபோது ‘இல்லை’ என்று சொல்வதற்கும்தான் தனியாக எழுதும் குறி லாபம். அதற்கு மட்டும் பணம் செலவழிக்கலாம் என்பது நம் கருத்து.

பெருநகரங்களில் பத்து நிமிடத்தில் பொருளைக் கொண்டு தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் நிறுவனங்களின் செல்போன் திரையைக் கொஞ்சம் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் வகை, அதற்குள் சரக்கு, சரக்கோடு இன்றைய விலை. அவர்களிடம் இருக்கும் மூலதனம் நம்மிடம் இல்லை. இந்த வரிசை முறைக்கு மூலதனம் தேவைப்படுவதில்லை.

பழையவற்றை என்ன செய்வது என்ற கேள்வி கடைசியில் வரும். அழித்துவிட வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அவ்வாண்டுக்குரிய வருடாந்திர அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் அதிகாரிகள் பழைய ஆண்டைப் பற்றிக் கேட்டால், அன்றைக்கு என்ன விகிதம் இருந்தது என்று காட்டச் சங்கத்தின் பழைய அறிவிப்பு உறுப்பினருக்கு உதவும். ‘பழையது’ என்ற கிளை அதற்குத்தான். முகப்பில் தெரியாமல், தேடுபவருக்கு மட்டும் கிடைக்குமாறு ஒரு தனிப் பக்கத்தில் அது இருக்கட்டும். இருநூறு பதிவுகள் சேர்ந்து கிடக்கும் தளமென்றால், கடை அடைத்தபின் நாளொன்றுக்கு இருபது வீதம் பார்த்தாலும் பத்து நாளில் வகை குறித்து முடித்துவிடலாம். வேர்ட்பிரஸின் பதிவுப் பட்டியலில் பலவற்றை ஒன்றாகத் தேர்ந்து ஒரே தடவையில் வகை சேர்க்கும் வசதியும் இருப்பதால் அவ்வளவு நாளும் ஆகாது. முதல் நாள் வரியில் தொடங்கவும். வாழ்த்துச் செய்திகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.